தூத்துக்குடி பஸ் ஏறிடு எஸ்தர்

அன்பு எஸ்தருக்கு,

ஸ்தோத்திரம்ட்டி. உன் லெட்டர் வந்து ரொம்ப நாளாச்சு, உடனே பதில் எழுதணும்னுதான் இருந்தேன், ஆஸ்பத்திரியில நைட் டியூட்டியா போட்டுத் தள்ளுறாங்க, வீட்டுக்கு வந்தா தூங்கத்தான் நேரம் சரியா இருக்கு. இன்னிக்கு ஆஃப். வீட்டுக்காரரு இவங்க, சபை கமிட்டி மீட்டிங்னு போயிருக்காங்க, சின்னவ டியூஷன்ல இருக்கா, அதான் நிம்மதியா உக்காந்துட்டேன். எல்லாரும் சுகம். பெரியவளுக்கு மாட்டுங்காவுல காலேஜ் சீட் கெடச்சிருச்சு, டிரெய்ன் கூட வேண்டாம், சயான் வழியா பஸ்ஸுலயே போயிட்டு வந்துருவா. எங்கம்மாவுக்கு முட்டுவலிதான், நம்ம வீட்டு இரும்பு ஏணி உனக்குத் தெரியும்ல, அதுல ஏற முடியாம தம்பி வீட்லயே இருக்காங்க.

நீ எழுதினத திரும்பத் திரும்ப படிச்சேன். மக கல்யாணத்துக்கு இரவல் வாங்கிட்டுப் போன 5 பவுன் செயின உன் தங்கச்சி திருப்பித் தராதது ஒரு பக்கம், ஆனா வளைகாப்பு வீட்டுல சொந்தக்காரங்க அத்தன பேர் முன்னாடி "அக்கா எனக்கு சும்மா தந்தது, இப்ப மாத்திப் பேசுதா"ன்னு சொன்னா பாரு, அதப் படிக்கும்போது எனக்கே வயிறு எரிஞ்சுது. ஜெபத்துல மன்னிச்சுட்டேன், ஆனா அவ மூஞ்சில முழிக்க மாட்டேன், சர்ச்சுல அப்பமும் ரசமும் குடுக்குற திருவிருந்து அன்னிக்கு எந்திரிச்சுப் போக கால் வரமாட்டேங்குது, அப்ப நான் மன்னிச்சேனா இல்லையான்னு கேட்டிருக்க. உங்க சபை பாஸ்டர் ஐயர்வாள் "எல்லாத்தையும் மறந்துருமா"ன்னு சொன்னாராம். எஸ்தரு, மறக்கச் சொல்றது ரொம்ப சுலபம், தொலஞ்சது அவர் செயின் இல்லையே.

நான் நம்புறத சொல்றேன். மன்னிக்கிறது நீ ஒருத்தியே செய்யலாம், கதவ சாத்திட்டு முழங்கால்ல நின்னு செய்யலாம், அத நீ செஞ்சுட்டன்னு நான் முழுசா நம்புறேன். ஆனா ஒப்புரவாகுறதுக்கு, அதாவது மறுபடி ஒண்ணு சேர்றதுக்கு, ரெண்டு பேர் வேணும், நடந்தது இதுன்னு யாராவது ஒருத்தர் வாயத் திறந்து சொல்லவும் வேணும். நீ முதல் பாதிய முடிச்சுட்டு ரெண்டாவது பாதி ஏன் தானா நடக்கலன்னு உன்னையே குத்திக்கிட்டு இருக்க.

மத்தேயு 18ல வர்ற அந்தக் கடன்காரன் கதைய நாம சண்டே ஸ்கூல்லருந்து கேக்குறோம்ல, ராஜா 10,000 தாலந்த மன்னிச்சான், இவன் போயி 100 வெள்ளிப்பணத்துக்கு கூட்டாளி தொண்டையப் புடிச்சான்னு. நமக்கு எப்பவும் அந்த 100 பணம் ஏதோ சில்லறை மாதிரி சொல்லிக் குடுத்துட்டாங்க. ஆனா ரெண்டு அதிகாரம் தள்ளி திராட்சத்தோட்டத்து கூலிக்காரங்க கதையில ஒரு நாள் கூலியே ஒரு பணம்தான். அப்ப 100 பணம்னா 100 நாள் வேர்வை, மூணு மாச சம்பளத்துக்கு மேல! தாலந்தோட பாத்தா ஒண்ணுமில்ல, நெசம்தான், ஆனா இயேசு அந்தக் கடன இல்லன்னு சொல்லவே இல்ல. உன் செயினும் அப்படித்தான். அத இழந்தது சின்ன விஷயம்னு நீ நடிக்க வேண்டிய அவசியமே இல்ல, பெரிய விஷயம்னு தெரிஞ்சு விடுறதுக்குப் பேர்தான் மன்னிப்பு.

இதெல்லாம் நான் வசனம் மட்டும் வச்சு சொல்லல. எங்க வீட்ல நடந்தத உனக்கு இன்னும் எழுதவே இல்லல்ல.

தாராவி ரீடெவலப்மெண்டுக்கு வீடு வீடா சர்வே எடுத்தாங்கன்னு பேப்பர்ல பாத்திருப்ப. 2000ஆம் வருசத்துக்கு முன்னாடி இருந்து கீழ்வீட்ல இருக்கிறவங்களுக்குத்தான் தாராவிக்குள்ளயே 350 சதுர அடி ஃப்ரீ வீடு, மேல்மாடிக்காரங்களுக்கு வெளிய எங்கயாவது வாடகை முறையில குடுப்பாங்களாம். இந்த ஒரு வரி எத்தன குடும்பத்த ரெண்டாக்கியிருக்கு தெரியுமா, நம்ம சந்துலயே அண்ணன் தம்பி பேசிக்கிறதில்ல. எங்க வீடு மாமா கால்காசு அரைக்காசு சேத்து வாங்குனது, கீழ இவங்க அண்ணன் பெரியத்தான் குடும்பம், மேல நாங்க, இத்தன வருசம் யாரும் கணக்கு பாக்கல. சர்வேக்காரங்க வந்த அன்னிக்கு இவங்க வேலைக்குப் போயிட்டாங்க, நானும் டியூட்டி, பெரியத்தான் பேப்பர் எல்லாத்தையும் தன் பேர்ல மட்டும் குடுத்துட்டாங்க, தம்பிக்கும் இதுல பங்கு இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லல. எங்களுக்கு பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லித்தான் தெரியும்.

அதுக்கப்புறம் மாசக்கணக்குல பேச்சே இல்ல. ஏணி அவங்க வாசலத் தாண்டித்தான ஏறணும், தண்ணிக் குடத்தத் தூக்கிட்டு ஏறும்போதெல்லாம் உள்ள டிவி சத்தத்த கூட்டி வைப்பாங்க. ஞாயித்துக்கிழமை ஆராதனையில ஒருத்தர் கைய ஒருத்தர் புடிச்சு சமாதானம் குடுக்கும்போது பெரியத்தான் பெஞ்ச் ஓரத்துல இருப்பாங்க, இவங்க அடுத்த பெஞ்ச், முன்னாலருந்து வர்ற கை பெரியத்தான்கிட்ட வந்து அப்படியே நின்னுரும், பின்னால திரும்ப மாட்டாங்க. பின்னால உக்காந்திருக்கிற சின்னப் பிள்ளைங்க கைய நீட்டிக்கிட்டே பாக்கும்.

இவங்க ஒரு சனிக்கிழமை ராத்திரி தனியா கீழ எறங்கிப் போனாங்க. என்னையும் வரவேண்டாம்னுட்டாங்க, குற்றம் செஞ்ச சகோதரன்கிட்ட "நீயும் அவனும் தனித்திருக்கையில்" சொல்லுன்னுதான அதே மத்தேயு 18ல இருக்கு, நான் கூட வந்தா அண்ணனுக்கு கோர்ட்டு மாதிரி இருக்கும்னாங்க. பெரியத்தான் பேக் தைக்கிற மிஷின்ல இருந்தாங்களாம், தோல் ஒட்டுற சொல்யூஷன் வாசம் மேல வரைக்கும் வந்துச்சு. இவங்க சுத்தி வளைக்கல. "அண்ணே, என் பேர விட்டுட்டு நீ கையெழுத்து போட்டது தப்பு, அது எனக்கு ரொம்ப வலிக்குது, உன்கிட்ட சொல்லாம வெளிய சொல்ல எனக்கு மனசில்ல." அவ்வளவுதான். பெரியத்தான் கத்துன கத்துல சந்தே எட்டிப் பாத்துச்சு, இவங்க பதிலுக்குப் பேசாம ஏறி வந்து சாப்பிடாம படுத்துட்டாங்க.

அப்புறம் கொஞ்ச நாள் விட்டு, நம்ம சபை மூப்பர் ஒருத்தர், பெஸ்ட்ங்கிற மும்பை டவுன் பஸ்ஸுல டிரைவரா இருந்து ரிட்டையர் ஆனவரு, ரெண்டு பேருக்குமே வேண்டியவரு, அவர கூட்டிட்டுப் போனாங்க. அன்னிக்குத்தான் உள்ள கிடந்தது வெளிய வந்துச்சு. அத்தை கடைசி காலத்துல ஐசியூல இருந்தப்ப ஆஸ்பத்திரி பில் கட்ட பெரியத்தான் அவங்க சம்சாரம் பெரியக்காவோட தாலிச்செயின அடகு வச்சிருக்காங்க, அது முழுகியே போச்சு, வெளிய ஒருத்தர்கிட்டயும் சொல்லல. இவங்க அப்ப துபாய்ல, மாசாமாசம் அனுப்புன காசே போதும்னு நெனச்சுக்கிட்டு இருந்தாங்க. "அம்மாவ நான் பாத்தேன், வீடு எனக்குத்தான்"னு பெரியத்தான் மனசுல அத்தன வருசமா ஒரு கணக்கு ஓடியிருக்கு. மிஷின் மேல கைய வச்சுக்கிட்டு, தலைய நிமித்தாம சொன்னாங்களாம். இவங்க அழுதுட்டாங்க. அதுக்காக பேர விட்டது சரியாயிருமா? ஆகாது, அதையும் அங்கயே மூப்பர் தெளிவா சொல்லிட்டாரு. ஆனா அந்த அடகுக்கடை விஷயம் தெரியாம ஒரு சமாதானமும் நின்னிருக்காது.

இப்போ ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி வச்சிருக்காங்க, வீடு கைக்கு வந்தா தம்பிக்கு என்ன பங்குன்னு, மூப்பர் சாட்சி. நம்ம சபையில சிலபேர், மன்னிச்சுட்டு பத்திரம் எதுக்கு, விசுவாசம் இல்லையான்னு கேட்டாங்க. எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவே இல்ல. ஏசா ஓடி வந்து, தன்ன ஏமாத்துன தம்பி யாக்கோபக் கட்டிப் புடிச்சு அழுதாரு, நெசமான அழுகைதான், ஆனா தன் ஊரு சேயீருக்கு வான்னு கூப்பிட்டப்ப யாக்கோபு சுக்கோத்துக்குத் திரும்பிட்டாரு. ஒரே கூடாரத்துல இருக்கல. அப்பா ஈசாக்க அடக்கம் பண்ணும்போது ரெண்டு பேரும் ஒண்ணா நின்னாங்க. யோசேப்பும் தன்ன வித்துப் போட்ட அண்ணன்மாரப் பாத்த உடனே நான்தான் யோசேப்புன்னு சொல்லிரல, கடைசித் தம்பி பென்யமீனுக்குப் பதிலா நான் அடிமையா இருக்கேன்னு அண்ணன் யூதா முன்னுக்கு வர்ற வரைக்கும் பொறுத்துப் பாத்தாருல்ல. மன்னிப்ப ஒரே நாள்ல குடுத்துரலாம், நம்பிக்கை வர நாள் எடுக்கும். பெரியக்கா இன்னும் என்கிட்ட சரியா முகம் குடுக்கல, நானும் தொந்தரவு பண்ணல, கொழம்பு வச்சா ஒரு கிண்ணத்துல குடுத்து விடுறேன், கிண்ணம் கழுவி வந்துருது.

ஒண்ணு மட்டும் சொல்லணும், இது கோவத்தோடதான் எழுதுறேன். இந்த வசனங்கள தப்பான இடத்துல போட்டு நம்ம ஆளுங்க பொம்பளைங்கள கொல்றாங்க. என் வார்டுக்கு ஒரு பிள்ளை கை ஒடஞ்சு வந்துச்சு, புருசன் அடி, "மன்னிச்சு வாழுமா"ன்னு ஊழியக்காரர் சொல்லி ரெண்டாவது தடவையா அனுப்பி வச்சிருக்காரு. அடிக்கிறவன்கிட்ட தனியா போய் குற்றத்தச் சொல்லுன்னு இயேசு சொல்லவே இல்ல. அங்க முதல்ல பத்திரமான இடம், போலீஸ், பெண்கள் உதவி எண் 181க்கு போன், மத்ததெல்லாம் பெறகு. மன்னிப்பு அந்தப் பிள்ளை மனசுக்கும் ஆண்டவருக்கும் நடுவுல உள்ளது, அத வச்சு யாரும் அவள வீட்டுக்குள்ள திரும்பத் தள்ளக் கூடாது. உன் விஷயம் அப்படி இல்ல, அதனாலதான் உன்ன போன்னு சொல்றேன்.

கூட வேலை பாக்குற கேரளா சிஸ்டர் ஒருத்தங்க ராணி மரியா சிஸ்டர் பத்தி சொன்னாங்க, நீயும் கேள்விப்பட்டிருப்ப. மத்தியப் பிரதேசத்துல ஏழை விவசாயிங்களுக்காக நின்னவங்க, 1995 பிப்ரவரியில இந்தூர் போற பஸ்ஸுல வச்சு குத்திக் கொன்னுட்டாங்க. குத்தினவரு சமந்தர் சிங். அவங்க கூடப்பிறந்த தங்கச்சி செல்மி, அவங்களும் சிஸ்டர்தான், ஜெயிலுக்கே போய் அவருக்கு ராக்கி கட்டுனாங்க, 2002ல. அப்புறம் அந்தக் குடும்பமே அவரோட விடுதலைக்கு உதவி பண்ணி 2006ல வெளிய வந்தாரு, 2017ல ராணி மரியாவுக்கு இந்தூர்ல அருளாளர் பட்டம் குடுத்தாங்க. எனக்கு மனசுல நிக்கிறது அந்த வருசக் கணக்குதான். 1995க்கும் 2002க்கும் நடுவுல ஏழு வருசம். அந்த ஏழு வருசத்துல அந்த வீட்டு ஜெபத்துல எத்தன ராத்திரி என்ன நடந்துச்சோ! உனக்கு இன்னும் ஒரு வருசம்கூட ஆகல, மனசு கனக்குதுன்னு உன்னையே குற்றவாளிக் கூண்டுல ஏத்தாத.

ஆனா போ. "அங்கேதானே பலிபீடத்தின் முன் உன் காணிக்கையை வைத்துவிட்டுப் போய், முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி"னு இயேசு சொன்னது கலிலேயா மலையில, பலிபீடம் இருந்தது எருசலேம்ல. காணிக்கைய அங்க வச்சுட்டு கலிலேயாவுல இருக்கிற சகோதரன்கிட்ட திரும்பிப் போகணும்னா 100 கிலோமீட்டருக்கு மேல, மூணு நாலு நாள் நடை. கேட்டுக்கிட்டு இருந்த மீன்பிடிக்காரங்களுக்கு அந்தத் தூரம் கால்ல தெரியும். உனக்கு பாளையங்கோட்டையில பஸ் ஏறினா ஒரு மணி நேரத்துல தங்கச்சி இருக்கிற தூத்துக்குடி. அம்மாகிட்ட சொல்லி விடாத, குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல வசனம் போட்டு குத்திக் காட்டாத, மச்சானையும் கூட்டிட்டுப் போகாத. பகல்ல, அவ மருமகன் வேலைக்குப் போன நேரமா பாத்து போ. செயின இரவலாதான் குடுத்தேன், நீ அத்தன பேர் முன்னாடி என்ன பொய்க்காரி ஆக்கிட்ட, அதுதான் எனக்கு வலிக்குதுன்னு மட்டும் சொல்லு. அப்புறம் வாய மூடிக்கிட்டு அவ சொல்றதக் கேளு. கல்யாணத்துல எவ்வளவு கடன் ஆச்சோ, செயின் இப்ப எந்த அடகுக்கடையில இருக்கோ, சொல்ல வெக்கப்பட்டுத்தான் அப்படி வாய்க்கு வந்தத பேசினாளோ என்னமோ. அவ கதவ சாத்தினாலும் நீ போனது போனதுதான், "கூடுமானால் உங்களாலானமட்டும்"னுதான் பவுல் எழுதியிருக்காரு, அந்தப் பக்கத்து பாதிய ஆண்டவர் உன்கிட்ட கேக்க மாட்டாரு. திருவிருந்துக்கும் போ, அதுக்காக உன்ன நீயே தள்ளி வைக்காத.

போயிட்டு வந்து என்ன நடந்துச்சுன்னு எனக்கு எழுது, ராத்திரி டியூட்டியிலயும் போன் எடுப்பேன். நாங்க மே மாசம் ஊருக்கு வர்றோம், சபை அசன விருந்துக்கு முன்னாடியே டிக்கெட் போட்டாச்சு, பெரியத்தான் குடும்பமும் அதே டிரெய்ன்தான், ஆனா வேற கோச். இங்கருந்து என்ன வேணும்னு சொல்லு, போன தடவ கேட்ட அந்த கல்யாண் ஊருத் துணி இந்த தடவ மறக்க மாட்டேன். மச்சானுக்கும் பிள்ளைங்களுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உன் ஜெயா
தாராவி, மும்பை