24-ஆம் வசனத்தைக் காட்டியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு,

நம் ஐக்கியத்தின் செயலர் எழுதிக்கொள்வது. ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கத்தில் "உதவிய அனைவருக்கும் நன்றி" என்று ஒரு வரி போட்டு முடித்துவிடுவது என் வழக்கம். போதகர் ஐயா தொடங்கி மைக் கட்டியவர் வரை எல்லாரையும் அந்த ஒரு வரிக்குள் அடைத்துவிடுவேன். இந்த முறை அப்படிச் செய்தால் எனக்குத் தூக்கம் வராது. யாருக்கு எதற்கு நன்றி என்று தனித்தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது. கொஞ்சம் மன்னிப்பும் கேட்கவேண்டியிருக்கிறது.

சபையில் ஆள் குறைந்துகொண்டே வந்தது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பின்வரிசையில் உட்காருகிறவர்கள் பின்னாலேயே இருந்தார்கள், முன்வரிசைக்காரர்களும் நகரவில்லை. நடுவில்தான் ஓட்டை விழுந்தது. நாங்கள் என்ன செய்தோம்? சிறப்புக் கூட்டம் வைத்தோம். வெளியிலிருந்து செய்தியாளரை அழைத்தோம். வாட்ஸ்அப்பில் தினமும் வசனம் அனுப்பினோம். ஆராதனையில் எபிரெயர் 10:25-ஐ எடுத்து, சபை கூடிவருதலைச் சிலர் விட்டுவிடுகிறதுபோல விட்டுவிடாதிருங்கள் என்று வாரம் தவறாமல் வாசித்தோம். யாரிடம் வாசித்தோம் என்றால், வந்திருந்தவர்களிடம்.

கமிட்டியில் ஆறுதலுக்குப் பஞ்சமே இல்லை. ஒருவர் வேதாகமத்திலுள்ள கிதியோன் கதையைச் சொன்னார்: யுத்தத்துக்கு வந்த 32,000 பேரில் 22,000 பேர் திரும்பிப் போனார்கள், மிச்சமிருந்த 10,000 பேரும் கடைசியில் 300 ஆனார்கள், அந்த 300 பேரைக் கொண்டுதான் கர்த்தர் ஜெயம் தந்தார், ஆகவே கவலை வேண்டாம் என்று. கேட்க நன்றாகத்தான் இருந்தது. நானும் தலையாட்டினேன். கிதியோனின் ஆட்களை வீட்டுக்கு அனுப்பச் சொன்னவர் கர்த்தர். நம் ஆட்களை அனுப்பியது யார் என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.

இன்னொருவர் புள்ளிவிவரத்தோடு வந்தார். அமெரிக்காவில் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனத்தார் எடுத்த கணக்கு அது. சர்ச், யூத ஜெப ஆலயம், மசூதி என்று ஏதாவது ஒன்றில் உறுப்பினராக இருப்பதாகச் சொன்னவர்கள் 1999-ல் 70 சதவீதம். 2020-ல் 47 சதவீதம். அவர்கள் 1937 முதல் இந்தக் கேள்வியைக் கேட்டு வருகிறார்கள், பாதிக்குக் கீழே போனது அதுதான் முதல்முறை. "ஆக, எல்லா இடத்திலும் இப்படித்தான் ஐயா" என்று அவர் முடித்ததும் அறையில் ஒரு நிம்மதி பரவியது. நம்மால் இல்லை, காலத்தால் என்ற நிம்மதி.

அப்போதுதான் மூலையில் உட்கார்ந்திருந்த அக்கா பேசினார்: "சதவீதத்துக்குக் கதவு கிடையாது, போய்த் தட்ட முடியாது. நம்ம ஆளுங்களுக்கு வீடு இருக்குல்ல? அந்த ரிஜிஸ்டரைக் கொடுங்க, யார் யாருன்னு பார்த்துச் சொல்றேன்."

முதல் நன்றி அந்த அக்காவுக்கு. பெயரைப் போட்டால் கோபப்படுவார், அதனால் போடவில்லை. அட்டை கிழிந்த அந்த நீளப் பதிவேட்டை வீட்டுக்கு எடுத்துப்போய் மூன்று வாரம் உட்கார்ந்தார். அதில் 212 பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு குறி. இறந்தவர்கள் 19 பேர். ஒருவர் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது, அவருக்கும் வருடாவருடம் வாழ்த்து அட்டை போய்க்கொண்டிருந்ததாம், அனுப்பியது நான்தான். வேலை, கல்யாணம் என்று வெளியூர் போனவர்கள் 57. வேறு சபைக்குப் போகிறவர்கள் 31. வந்துகொண்டிருப்பவர்கள் 64. மீதி 41 பேர். இவர்கள் கூப்பிடு தூரத்திலேயே இருக்கிறார்கள், நம்மிடமும் வருவதில்லை, வேறெங்கும் போவதுமில்லை. அந்த 41 பெயருக்கும் குறி எதுவும் இல்லை, ஒரு கேள்விக்குறி மட்டும். ஒரு ஆடு தொலைந்ததற்கே 99-ஐ விட்டுவிட்டுப் போன மேய்ப்பனைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டிருப்போம்! நமக்குத் தொலைந்தது 41 என்பதே அதுவரை தெரியாது.

இரண்டாவது நன்றி, ஓய்வுபெற்ற அந்த ஆசிரியர் ஐயாவுக்கு. நான் வழக்கம்போல எபிரெயர் 10:25-ஐ வாசித்து முடித்த அன்று, வாசலில் என்னை நிறுத்தி, "தம்பி, 24-ஐயும் ஒருநாள் வாசியுங்க" என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தேன். அன்புக்கும் நற்கிரியைகளுக்கும் ஏவப்படும்படி "ஒருவரையொருவர் கவனித்து" என்று இருக்கிறது. அதற்கு அடுத்துதான் கூடிவருதலை விட்டுவிடாதிருங்கள் என்று வருகிறது. இத்தனை வருடமாக நாங்கள் முதல் பாதியைத் தாண்டிக் குதித்து, இரண்டாம் பாதியை வைத்து ஆட்களை அதட்டிக்கொண்டிருந்தோம்.

வீடு சந்திக்க யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது ஏழு கைதான் உயர்ந்தது. எண்ணிக்கையைக் கேட்டதும் அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரம் நினைவுக்கு வராமல் இருக்குமா? அங்கேயும் பிரச்சினை கவனிப்புதான்: அன்றாடப் பந்தி விசாரணையில், அதாவது உணவு பங்கிடுவதில், கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப் போனார்கள், முறுமுறுப்பு வந்தது. அப்போஸ்தலர்கள் முறுமுறுத்தவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. ஏழு பேரை ஏற்படுத்தி வேலையை ஒப்படைத்தார்கள். எங்கள் ஏழு பேருக்கும் ஆசிரியர் ஐயா சில நிபந்தனைகள் போட்டார். "ஏன் வரவில்லை" என்று கேட்கக்கூடாது. "ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்" என்றும் சொல்லக்கூடாது. ரசீது புத்தகம் கையில் இருக்கவே கூடாது. அவர்கள் கேட்டால் மட்டும் ஜெபம். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளவேண்டும். கிறிஸ்தவர்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று நமக்குத்தான் தெரியும்!

அந்த ஏழு பேருக்கும் என் மனமார்ந்த நன்றி. வேலை முடிந்து களைத்து வந்த பிறகு இதற்காகக் கிளம்பினீர்கள். உங்களில் ஒருவர் ஒரே வீட்டுக்கு நான்கு முறை போனதும், நான்காம் முறைதான் கதவு திறந்ததும் எனக்குத் தெரியும்.

நீங்கள் கொண்டுவந்த குறிப்புகளில் நான் எதிர்பார்த்த பெரிய காரணங்கள் அதிகம் இல்லை. விசுவாசத்தை விட்டுவிட்டேன் என்று சொன்னவர்கள் இரண்டு மூன்று பேர்தான். ஒரு பெரியவருக்குக் காது மந்தம். நம் ஸ்பீக்கர் இரைச்சலில் பிரசங்கம் புரியவில்லை, சொல்ல வெட்கம், நின்றுவிட்டார். ஒரு அம்மாவுக்கு முழங்கால் வலி; வாசலில் ஐந்து படி, பிடித்து ஏறக் கம்பி இல்லை. கைக்குழந்தையோடு வந்த ஒரு சகோதரி, குழந்தை அழுத ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்த தலைகளை எண்ணியிருக்கிறார், ஒருநாள் பதினான்கு தலைகளாம். கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி வேதத்தைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்டிருக்கிறார், "ஜெபம் பண்ணுப்பா, தெளிவு கிடைக்கும்" என்று அனுப்பிவிட்டோம். கணவரை இழந்த ஒரு சகோதரி சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "அடக்கத்துக்கு எல்லாரும் வந்தீங்க. ஒரு வாரம் வந்தீங்க. அதுக்கப்புறம்தான் எனக்கு ஆள் தேவைப்பட்டுச்சு."

அப்புறம், சந்தா விஷயம். இதை நான் சொல்லியாகவேண்டும். "சந்தா பாக்கி உள்ளோர்" என்று ஒரு பட்டியல் தயாரித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். தலைப்பைத் தடித்த எழுத்தில் அடித்ததும் நானே. அதிலிருந்த ஒருவர் எட்டு மாதமாக வேலை இல்லாமல் இருந்தார், எனக்குத் தெரியாது; தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. அவருடைய மகள், அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றிருந்தாள், பலகைமுன் நின்று, "அப்பா, நம்ம பேரு ஏன் இதுல இருக்கு?" என்று சத்தமாகக் கேட்டிருக்கிறாள். அடுத்த ஞாயிறு முதல் அந்தக் குடும்பம் வரவில்லை. மூன்றாவது சந்திப்பில்தான் அவர் இதைச் சொன்னாராம். பட்டியலைக் கிழித்துவிட்டு நானே நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். "வந்தது சந்தோஷம் அண்ணே" என்றார். அவரும் மனைவியும் இப்போது வருகிறார்கள். பிள்ளை வர மாட்டேன் என்கிறாள். அவளை யாரும் வற்புறுத்தவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்த வெட்கத்தில் இருந்தபோது போதகர் ஐயா ஒரு பழைய சங்கதியைச் சொன்னார். 1742 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் ஆட்கள் கட்டடக் கடனை அடைக்க வழி தேடினார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று கேப்டன் ஃபாய் என்பவர் யோசனை சொன்னார். பலர் ஏழைகள், முடியாது என்றார்கள். அப்படியானால் மிகவும் ஏழையான பதினொரு பேரை என் பொறுப்பில் விடுங்கள், நானே வாராவாரம் போய்ப் பார்க்கிறேன், அவர்களால் முடியாததை நான் போட்டுக்கொள்கிறேன் என்றாராம் அவர். அப்படி வீடு வீடாகப் போனவர்களின் கண்ணில் பட்டது காசு மட்டுமல்ல, வீட்டுக்குள் இருந்த சண்டை, குடி, கஷ்டம் எல்லாமும்தான். இதைத்தானே இத்தனை நாள் தேடினோம் என்று வெஸ்லி பிடித்துக்கொண்டார். மெதடிஸ்டுகளின் வகுப்புக் கூட்டங்கள், பன்னிரண்டு பேர் கொண்ட சிறு குழுக்கள், அங்கிருந்துதான் கிளம்பின. பென்னி வசூலிக்கப் போனவர்கள் மேய்ப்பர்களாகத் திரும்பினார்கள். நானோ மேய்ப்பு வேலையை வசூல் பட்டியலாக்கிச் சுவரில் ஒட்டினேன்.

போதகர் ஐயாவுக்குத் தனி நன்றி. குறிப்புகளில் அவரைப் பற்றியும் ஒன்பது குறைகள் இருந்தன. அதை வாசிக்கலாமா வேண்டாமா என்று நாங்கள் நெளிந்தபோது, அவரே தாளை வாங்கி வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுல ஏழு உண்மை" என்றார். மீதி ரெண்டு? "அதுவும் உண்மைதான், ஒத்துக்கொள்ள இன்னும் ரெண்டு நாளாகும்." அதற்குப் பிறகு வராதவர்களைப் பற்றி வந்தவர்களிடம் அவர் பேசியதே இல்லை. பிரசங்கமும் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. (பவுல் நடுராத்திரிவரை பேச, ஐத்திகு என்ற வாலிபன் தூங்கிப்போய் ஜன்னலிலிருந்து விழுந்த கதையை இனிமேல் யாரும் ஜாடையாக நினைவூட்ட வேண்டியதில்லை.)

ஸ்பீக்கரை இடம் மாற்றி இரைச்சலை நிறுத்திய வாலிபர்களுக்கும், கையிருப்பு குறைவாக இருந்தபோதும் படிக்குக் கைப்பிடி போடப் பணம் ஒதுக்கிய பொருளாளருக்கும் நன்றி. குழந்தை அழுதால் ஓடிவந்து தூக்கிக்கொள்ளும் அந்த இரண்டு பாட்டிமாருக்கும்!

பக்கத்துச் சபையின் போதகருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நம் 31 பேரில் பலர் அவரிடம்தான் போகிறார்கள். ஆடு திருடுகிறார் என்று கமிட்டியிலேயே பேசியிருக்கிறோம், நானும் பேசினேன். அவரோ தானாகத் தொலைபேசியில் அழைத்து, "உங்க பிள்ளைங்க இங்கே நல்லா இருக்காங்க, கவலைப்படாதீங்க. யாராவது திரும்பணும்னா நானே கூட்டிட்டு வர்றேன்" என்றார். அந்த 31 பேருக்கும் ஆசீர்வாதத்தோடு மாற்றுக் கடிதம் கொடுத்தோம். நாங்கள் கையெழுத்துப் போட்ட கடிதங்களிலேயே எனக்குப் பிடித்தவை அவை.

கடைசியாக, வீட்டுக்கு வந்தவர்களிடம் உண்மையைச் சொன்ன உங்களுக்கு, அந்த 41 பேருக்கு. ஒன்றும் சொல்லாமல் சிரித்து அனுப்பியிருக்கலாம், அது உங்களுக்குச் சுலபம். சொன்னதற்கு நன்றி. உங்களில் 13 பேர் இப்போது வருகிறீர்கள். ஆறு பேர் இனி வரவேண்டாம் என்று தெளிவாகச் சொன்னீர்கள், வரமாட்டோம். சீஷர்களில் அநேகர் பின்வாங்கிப் போனபோது இயேசு அவர்களைத் திட்டியதாக யோவான் எழுதவில்லை. நீங்களும் போக மனதாயிருக்கிறீர்களோ என்று பன்னிருவரைக் கேட்டதாகத்தான் எழுதியிருக்கிறார். மற்ற 22 வீடுகளுக்கும் போய்வந்துகொண்டிருக்கிறோம்.

காகிதத்தில் பார்த்தால் நிலைமை மோசமாகியிருக்கிறது. இந்த வருட அறிக்கையில் உறுப்பினர் எண்ணிக்கை 212-லிருந்து பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. மேலிடத்திலிருந்து என்ன ஆயிற்று என்று விளக்கம் கேட்டிருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தோம் என்று பதில் எழுதியிருக்கிறேன்.

பதிவேடு இப்போது ஆராதனை அறையின் மேஜைமேலேயே இருக்கிறது, பென்சிலை நூலில் கட்டியிருக்கிறோம். பக்கத்தில் உட்காருகிறவர் இரண்டு வாரம் தொடர்ந்து வரவில்லையென்றால் பெயருக்கு நேரே ஒரு புள்ளி வையுங்கள், மற்றதை ஏழு பேரில் ஒருவர் பார்த்துக்கொள்வார். அக்கா, ரப்பர் தேய்ந்துவிட்டது என்றீர்களே, புதியது வாங்கி மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் செயலர்