சென்னை மருந்துக்கடைக்காரர்களே, அந்தச் சீட்டைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்

வணக்கம்.

என் அக்காவுக்கு வயது 43. பெரம்பூரில் இருக்கிறோம். ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் ஏறும்போது பத்துப் படிக்கு ஒருமுறை நின்று, யாரோ கூப்பிட்டதுபோல் போனை எடுத்துப் பார்ப்பார். போனில் ஒன்றும் இருக்காது. மூச்சு வாங்குவதை யாரும் கவனித்துவிடக் கூடாது, அதற்காகத்தான். ஆஸ்துமா என்றும் ரத்தசோகை என்றும் இரண்டு வருடம் மருந்து சாப்பிட்ட பிறகுதான் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தார்கள். அப்புறம் வலது இதயத்துக்குள் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் விட்டு அளந்தார்கள். நுரையீரல் தமனியில் சராசரி அழுத்தம் 52. சாதாரணமாக அது 14 அளவில் இருக்கும். 20-ஐத் தாண்டினாலே பல்மனரி ஹைப்பர்டென்ஷன், அதாவது நுரையீரல் ரத்தக்குழாய்களில் உயர் அழுத்தம். கையில் பட்டை கட்டிப் பார்க்கும் பிரஷர் அவருக்கு எப்போதும் நார்மல்தான்.

டாக்டர் எழுதிக் கொடுத்தது சில்டெனாபில் 20 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூன்று வேளை. வயாகரா மாத்திரையில் இருக்கும் அதே மருந்து.

அந்தச் சீட்டோடு அக்கா தனியாக ஒரு கடைக்குப் போனார். கவுன்ட்டரில் இருந்த பையன் சீட்டைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், உள்ளே இருந்தவரிடம் காட்டிச் சிரித்தான். "யாருக்கும்மா, வீட்டுக்காரருக்கா?" பக்கத்தில் இருமல் மருந்து வாங்க நின்ற இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா சீட்டை மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். எங்களிடம் சொல்லவே இல்லை. நான்கு நாள் மாத்திரை இல்லை. ஐந்தாம் நாள் காலையில் செருப்புக்குள் கால் நுழையவில்லை, அவ்வளவு வீக்கம். அப்போதுதான் அழுதுகொண்டே சொன்னார்.

உங்களில் படித்த மருந்தாளுநர்களுக்கு இது தெரியும். கவுன்ட்டரில் நிற்கும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

ரத்தக்குழாயின் உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கிறது. அது தசைக்குள் போய் சைக்ளிக் ஜி.எம்.பி. என்ற பொருளைப் பெருக்குகிறது. அதனால் குழாய் தளர்ந்து விரிகிறது. பாஸ்போடையஸ்டரேஸ்-5 என்றொரு நொதி, அந்தப் பொருளைச் சிதைத்துக்கொண்டே இருக்கும். இந்த நொதி நுரையீரல் குழாய்களில் நிறைய உண்டு. சில்டெனாபில் செய்வதெல்லாம் இந்த நொதியின் கையைக் கட்டிப்போடுவதுதான். குழாய் விரிந்தால் வலது இதயத்துக்குச் சுமை குறையும். ஃபைசர் நிறுவனத்தார் இங்கிலாந்தில் இதை ஆராயத் தொடங்கியதே நெஞ்சுவலிக்காகத்தான். ஆண்மைக்குறைவுக்கு உதவும் வேறொரு விளைவு தெரிந்தது, 1998-ல் அதற்கு வயாகரா என்ற பெயரில் அனுமதி வாங்கினார்கள், உலகம் முழுக்க அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. நுரையீரலுக்கான அனுமதி அமெரிக்காவில் 2005-ல் வந்தது. அதற்கு அடிப்படையான ஆய்வில் 278 நோயாளிகள். 12 வாரம் 20 மில்லிகிராம் சாப்பிட்டவர்கள், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால், ஆறு நிமிடத்தில் 45 மீட்டர் கூடுதலாக நடந்தார்கள். நம் மின்சார ரயிலில் கிட்டத்தட்ட இரண்டு பெட்டி நீளம். அக்காவுக்கு அந்த இரண்டு பெட்டி என்றால் மகளிர் பெட்டி வரை நிற்காமல் நடந்துபோவது.

இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. பச்சைக்குழந்தைகளுக்கும், இதயத்தில் ஓட்டையோடு பிறந்த பிள்ளைகளுக்கும்கூட இதே மருந்து எழுதப்படுகிறது. எனவே அந்தச் சீட்டை நீட்டுபவர் யாராகவும் இருக்கலாம்.

உடலில் இந்த மருந்தின் அளவு சுமார் நான்கு மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதனால்தான் மூன்று வேளை, மாதத்துக்கு 90 மாத்திரை. இன்னொரு கடையில், "20 இல்ல சார், 50 தரேன், உடைச்சுப் போட்டுக்கச் சொல்லுங்க" என்றார்கள். 50-ஐ இரண்டாக உடைத்தாலும் நான்காக உடைத்தாலும் 20 வராது. டடாலாஃபில் இருக்கிறது, அதுவும் அதே வேலைதான் செய்யும் என்று நீங்களாக மாற்றிக் கொடுப்பதும் வேண்டாம். அது ஒரு நாளைக்கு ஒரு வேளை மருந்து, அளவும் வேறு. இருப்பு இல்லையென்றால் "நாளைக்கு வரவழைத்துத் தருகிறேன்" என்று சொல்லுங்கள், காத்திருப்போம்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு, அதைக் கட்டாயம் கேளுங்கள்: நாக்குக்கு அடியில் வைக்கும் நெஞ்சுவலி மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்களா? அந்த மாத்திரையில் இருக்கும் நைட்ரேட்டும் சில்டெனாபிலும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு இறங்கிவிடும்.

இப்படி நொதியைத் தடுக்கும் வேறு மருந்துகளையும் இந்த நோய்க்குப் பரிசோதித்திருக்கிறார்கள். ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் இமாட்டினிப் அதில் ஒன்று. நடக்கும் தூரம் கூடியது, ஆனால் சிலருக்கு மூளையின் உறைக்கு அடியில் ரத்தம் கசிந்ததால் வழக்கத்துக்கு வரவில்லை. அதே வகை மருந்துகளை மூச்சால் உள்ளிழுக்கும் வடிவில் முயன்று பார்க்கிறார்கள். நாளை அப்படியொரு சீட்டு வந்தால் "இது கேன்சர் மருந்தாச்சே" என்று கவுன்ட்டரில் உரக்கச் சொல்லிவிடாதீர்கள்.

இப்போது எங்களுக்கு ஒரு கடை அமைந்திருக்கிறது. அங்கே இருக்கும் அம்மா முதல் நாளே சீட்டைப் பார்த்து, "லங் பிரஷருக்குத்தானே? கால் வீக்கம் இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். அட்டையின் மேல் பேனாவால் காலை, மதியம், இரவு என்று எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு மாதமும் 28-ம் தேதிக்குள் 90 மாத்திரையை எடுத்து வைத்துவிடுகிறார். அக்கா இப்போது தானே போய் வாங்கி வருகிறார்.

அந்தக் கடை எங்கள் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். வழியில் ஏழு மருந்துக்கடைகள் இருக்கின்றன. அந்த ஏழு கடையிலும் 20 மில்லிகிராமில் சில அட்டைகள் வைத்திருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பெரம்பூரிலிருந்து ஒரு தம்பி