செயலாளரின் ஆண்டறிக்கை: மண்ணில் கிடைத்த உலோகப் பொருள்களை இனங்காணும் பணி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மண்ணிலிருந்து எடுக்கும் எந்தப் பொருளையும் கழுவாமல், தேய்க்காமல், ஒட்டியிருக்கும் மண்ணோடு அப்படியே கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். அதை எல்லோராலும் முழுமையாகக் கடைப்பிடிக்க முடியவில்லை. ஆனாலும் அந்த முடிவு எவ்வளவு சரியானது என்பதை இந்த ஆண்டு வந்த ஒரு பொருளே காட்டிவிட்டதால், அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உறுப்பினர் ஒருவர் தம் தோட்டத்தில் குழி வெட்டும்போது முழங்கால் ஆழத்தில் கிடைத்ததாகக் கூறி, கைப்பிடியளவு சாம்பல் நிறக் கட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு பக்கத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தார். மறுபக்கத்தில் வெண்சாம்பல் படலமும் மண்ணும் அப்படியே இருந்தன. எடை 848 கிராம். தண்ணீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்து அளவைச் சுழியாக்கிவிட்டு, கட்டியை நூலில் கட்டி, அடியிலோ பக்கங்களிலோ படாதபடி நீருக்குள் தொங்கவிட்டபோது தராசு 80 கிராம் காட்டியது. அது கட்டி விலக்கிய நீரின் எடை. ஒரு கிராம் நீர் ஒரு மில்லிலிட்டர் என்பதால் கட்டியின் கொள்ளளவு 80 மில்லிலிட்டர், அடர்த்தி மில்லிலிட்டருக்கு 10.6 கிராம். வெள்ளியின் அடர்த்தி 10.49 என்பதை அறிந்தவர்கள் முகத்தில் அப்போது தெரிந்த மலர்ச்சியை நான் மறக்கவில்லை.

ஆனால் நகத்தால் அழுத்தினாலே தடம் பதியும் அளவுக்கு அது மென்மையாக இருந்தது. வெள்ளி அப்படிப் பதியாது, காரீயம் பதியும். காரீயத்தின் அடர்த்தியோ 11.34. இந்தக் குறைவுக்குக் காரணம் தேடிக் காந்தத்தை மெதுவாக நகர்த்தியபோது, நடுவில் ஓரிடத்தில் மட்டும் அது இழுபட்டது. அங்கிருந்த மண்ணை மூங்கில் குச்சியால் விலக்கிப் பார்த்தால், துருவேறிய சதுர இரும்புத் தண்டின் முறிந்த முனை. இரும்பின் அடர்த்தி 7.87 என்பதால், காரீயத்துக்குள் அடங்கிய இரும்பு மொத்த அடர்த்தியைக் கீழே இழுத்து, வெள்ளியின் கணக்குக்கு அருகே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது.

அது என்ன என்பதைச் சொன்னது தேய்க்கப்படாத பக்கம்தான். சாய்வாக ஒளி விழும்படி விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது, அதன் மேற்பரப்பில் அடுத்தடுத்துச் சாய்ந்த மேடுகள் தெரிந்தன. அவை கல்லில் உளி கொத்திய பள்ளங்களின் எதிர்ப்பதிவு. கல்லில் துளையிட்டு, இரும்புக் கம்பியை அதில் நிறுத்தி, உருக்கிய காரீயத்தை ஊற்றி இறுக்குவது இரும்புக் கம்பித் தடுப்புகளையும் கதவு முளைகளையும் பொருத்தப் பழைய கொத்தர்கள் கையாண்ட முறை. கல் போய்விட்டது, துளையின் வடிவம் காரீயத்தில் தங்கிவிட்டது. தேய்த்த பக்கத்திலும் இதே தடங்கள் இருந்திருக்கும், இனி அவற்றை யாராலும் பார்க்க முடியாது. காரீயம் நச்சு என்பதால் அந்தத் தூளைக் கையால் தொட்டதும் சுவாசித்ததும் உடலுக்குக் கேடு என்பதையும் உறுப்பினரிடம் வருத்தத்தோடு எடுத்துச் சொன்னோம்.

ஒட்டிய மண்ணின் மதிப்புக்கு, நிலாவும் விண்மீன்களும் பதித்த பழங்கால நெப்ரா வான் தகட்டைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. 1999இல் ஜெர்மனியில் அனுமதியின்றித் தோண்டியவர்கள் அந்த வெண்கலத் தகட்டின் விளிம்பைச் சேதப்படுத்தியே எடுத்தார்கள். 2002இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் அது மீட்கப்பட்ட பிறகு, அது உண்மையில் எங்கே புதைந்திருந்தது என்பதை உறுதிசெய்ய உதவியவற்றுள் அதில் ஒட்டியிருந்த மண்ணும் ஒன்று.

மற்ற பொருள்களில் பெரும்பாலானவை எளிதில் பிடிபட்டன. திருகு மரை ஒரே சீராக இயந்திரத்தில் வெட்டியதாக இருந்தால், அல்லது பொருள் அலுமினியமாக இருந்தால், அது மிகப் பழையது என்ற பேச்சுக்கு இடமில்லை. அலுமினியத்தை மலிவாகப் பிரிக்கும் முறையே 1886இல்தான் வந்தது. விண்கல் என்று நம்பிக் கொண்டுவந்த கட்டிகள் உள்ளே குமிழித் துளைகள் நிறைந்த உலைக்கசடாகவே இருந்தன. இரும்பு விண்கல்லில் நிக்கல் கலந்திருக்கும், இத்தகைய துளைகள் இரா.

சிலவற்றுக்கு விடை கிடைக்கவில்லை. பதிவேட்டில் அவற்றை 'இனங்காணப்படாதது' என்றே எழுதியிருக்கிறேன், அதைக் குறையாகக் கருதவில்லை. பன்னிரண்டு ஐங்கோண முகங்களும் இருபது குமிழ்களும் கொண்ட ரோமானியர் காலத்து உலோகப் பொருள்கள் நூற்றுக்கும் மேல் கிடைத்துள்ளன. முதலாவது 1739இல் பதிவானது. அவற்றின் பயன் இன்றுவரை உறுதிப்படவில்லை.

ஒன்றை மட்டும் கண்டிப்புடன் வேண்டுகிறேன். நீள்உருளையாகவோ, கூம்பு முனையோடோ, வால்தகடுகளோடோ இருக்கும் துருப்பிடித்த பொருளைக் கண்டால் தொடாதீர்கள், கூட்டத்துக்குக் கொண்டுவராதீர்கள். விலகி நின்று காவல்துறைக்குத் தெரிவியுங்கள். வெடிகுண்டுகள் பல பத்தாண்டுகள் மண்ணில் கிடந்த பிறகும் வெடிக்கின்றன. அடையாளம் தெரியாத எதையும் அறுக்கவோ சூடாக்கவோ கூடாது.

வரும் ஆண்டில் பொருளைத் தரையிலிருந்து எடுக்கும் முன்பே அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, ஆழத்தையும் அருகில் கிடந்தவற்றையும் குறித்து, அந்தக் குறிப்போடுதான் பொருளைக் கூட்டத்தில் ஏற்பது என்ற தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்