மலராத துலிப் கிழங்குகள்: மேசை அலங்காரத் தொகுப்பு குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: குளிரூட்டப்படாத பூங்கிழங்குகளை அனுப்பியதும், அதுபற்றிக் குறிப்பேட்டில் தெரிவிக்காததும் தொடர்பாக.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். விழாநாள் மேசையின் நடுவே வைப்பதற்காகத் தங்கள் நிறுவனம் விற்கும் வசந்தகாலப் பூத்தொட்டித் தொகுப்பை வாங்கினேன். கொய்த பூக்கள் இரண்டொரு நாளில் வாடிவிடும். வேரோடு நிற்கும் பூக்களோ விருந்து முடிந்த பின்னும் வாழும் என்பதற்காகவே இதைத் தேர்ந்தெடுத்தேன். பெட்டியின் மேல் ‘நட்ட 3 வாரங்களில் மலரும்’ என்று அச்சிட்டிருந்தீர்கள். நான் விழாநாளுக்கு 24 நாட்களுக்கு முன்பே 9 துலிப் கிழங்குகளையும் நட்டு, கடைசிப் பத்து நாட்களில் கோதுமையை ஊறவைத்து விளிம்பில் விதைத்தேன்.

விழாநாளன்று கோதுமைப் புல் மட்டும் செழித்து நின்றது. துலிப் செடிகளோ இரண்டு விரல் உயரத்துக்கு மேல் எழவில்லை; தலைகாட்டிய ஒன்றிரண்டு மொட்டுகளும் இலைகளின் அடியிலேயே சிக்கிக் காய்ந்திருந்தன. நாள்தோறும் காலையில் தொட்டியருகே வந்து பார்த்துக்கொண்டிருந்த என் தாயார், அன்று ஒன்றும் சொல்லாமல் அதை மேசையிலிருந்து எடுத்துவிட்டார்.

முளைக்காமல் கிடந்த கிழங்கு ஒன்றை நெடுக்காக அறுத்துப் பார்த்தபோது, அதன் நடுவில் பூமொட்டு முழுமையாகவே இருந்தது. ஆகவே கிழங்கில் குறையில்லை. துலிப் தண்டு நீண்டு மொட்டை மேலே தூக்க வேண்டுமானால், கிழங்கு அதற்கு முன் ஏறத்தாழ 12 முதல் 16 வாரங்கள், 2 முதல் 9 டிகிரி செல்சியஸ் குளிரில் இருந்திருக்க வேண்டும். அக்குளிர்காலத்தைக் கடந்த கிழங்குதான் அறை வெப்பத்துக்கு வந்த மூன்று நான்கு வாரங்களில் மலரும். தாங்கள் அச்சிட்ட மூன்று வாரக் கணக்கு அத்தகைய கிழங்குக்கே பொருந்தும்; அந்தக் குளிரைப் பெறாத கிழங்கை அதே கணக்கோடு விற்றது எப்படி நியாயமாகும்?

இதைக் கேட்டு எழுதியபோது, மீதிக் கிழங்குகளை ஒரு வாரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்து நடுமாறு தங்கள் பிரிவு பதிலளித்தது. ஒரு வாரம் போதவே போதாது. அதோடு, அப்பெட்டியில் ஆப்பிள் போன்ற பழுத்த பழங்கள் இருந்தால், அவை வெளியிடும் எத்திலீன் வாயு உள்ளிருக்கும் மொட்டையே கருக்கிவிடும். இந்த எச்சரிக்கை கூட இல்லாத அறிவுரை, கிழங்குகளைக் கெடுக்கும் அறிவுரையாகவே முடியும்.

தொட்டியிலும் குறை உண்டு. அடியில் துளை இல்லை. ஆனால் நாள்தோறும் நீர் ஊற்றச் சொல்கிறது குறிப்பேடு. மண்ணின் மேலிருந்த பாசியை விலக்கிப் பார்த்தபோது தேங்கிய நீரில் மூன்று கிழங்குகள் அழுகியிருந்தன.

எனவே தொகுப்பின் முழு விலையையும் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். கிழங்குகள் குளிரூட்டப்பட்டவையா இல்லையா என்பதைப் பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும். இல்லையெனில், எத்தனை வாரங்களுக்கு முன் வாங்க வேண்டும் என்பதையாவது தெரிவிக்க வேண்டும். இதே தொகுப்பை ஏற்கெனவே வாங்கி, தத்தம் விழாநாளுக்காகக் காத்திருப்போருக்கும் உடனே தகவல் அனுப்புங்கள். அவர்களுக்கு வேறு பூச்செடி தேடிக்கொள்ள அவகாசமாவது கிடைக்கும். அறுத்த கிழங்கு, தொட்டி ஆகியவற்றின் படங்களை இணைத்துள்ளேன். 15 நாட்களுக்குள் எழுத்துமூலமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்