டென்ட் கேட்டால் ஏன் இத்தனை கேள்வி கேட்கிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் விடுமுறைக்கு டென்ட் கேட்டு நம் அல்சூர் கடைக்கு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். வருகிற எல்லோரிடமும் நாங்கள் முதலில் இரண்டு விஷயம் கேட்கிறோம். டென்ட்டை எங்கே போடப் போகிறீர்கள்? அங்கே இரவு தங்க யார் அனுமதி கொடுத்தார்கள்? இதற்குப் பதில் இல்லாவிட்டால் டென்ட் தருவதில்லை. "வாடகை கொடுத்துத்தானே எடுக்கிறோம், உங்களுக்கு எதற்கு அந்த விவரமெல்லாம்?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு விளக்கம் சொல்லவே இந்த மடல்.

காட்டுக்குள் போய், நல்ல இடமாகப் பார்த்து டென்ட் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்து வருபவர்கள் நிறைய. பெங்களூரிலிருந்து நாம் போகிற மலைகளில் அப்படி இடம் கிடைப்பது மிக அரிது. குமார பர்வதம் புஷ்பகிரி சரணாலயத்தில் இருக்கிறது. குதுரேமுக் ஒரு தேசியப் பூங்கா. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்த மாதிரி இடங்களில் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். 2024 ஜனவரியில் குடியரசு நாள் விடுமுறைக்குக் குமார பர்வதத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு கர்நாடக வனத்துறை இணையத்தில் முன்பதிவு செய்பவர்களுக்கு மட்டும்தான் மலையேற்ற அனுமதி என்று ஆக்கியது. 'அரண்ய விஹாரா' என்ற வனத்துறையின் தளத்தில் பதிவு செய்யலாம். ஆனால் அந்த அனுமதி பகலில் ஏறி, மாலைக்குள் இறங்குவதற்குத்தான். அந்தச் சீட்டைக் காட்டி டென்ட் கேட்டால் எங்களால் கொடுக்க முடியாது.

அப்படியானால் டென்ட்டை எங்கேதான் போடுவது? குடகு, சிக்கமகளூரு, சக்லேஷ்பூர் பக்கம் காபி எஸ்டேட்டுகளில் உரிமம் வாங்கி நடத்தும் தங்குமிடங்கள் இருக்கின்றன. சிலவற்றில் நம் டென்ட்டையே போட்டுக்கொள்ள இடம் தருவார்கள். இல்லையென்றால் அரசு நிறுவனமான ஜங்கிள் லாட்ஜஸ் நடத்துகிற முகாம்கள் உண்டு. காவிரிக் கரையில் பீமேஸ்வரி, கலிபோரே இரண்டும் நம் ஊரிலிருந்து ஒரு காலைப் பயணத்தில் போய்ச் சேரக்கூடியவை. குழந்தைகளோடு முதல் தடவை போகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது இந்த முகாம்களைத்தான். அங்கே கூடாரமும் அவர்களுடையதே. எங்களுக்கு வாடகை வராது, பரவாயில்லை.

தனியார் நிலம் என்பதால் மட்டும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடி அருகே, தனியார் இடத்தில் டென்ட்டில் தங்கியிருந்த ஒரு பெண் யானை தாக்கி இறந்துபோனார். யானைக்கு எஸ்டேட் எல்லை தெரியாது. பலாவும் வாழையும் இருக்கிற பக்கம் அது வரத்தான் செய்யும். அதனால் பதிவு செய்யும்போதே எஸ்டேட்காரரிடம் கேளுங்கள்: காட்டு எல்லை எவ்வளவு தூரம், நடுவில் அகழியோ வேலியோ இருக்கிறதா, இந்த மாதம் யானை வந்ததா, இரவில் பக்கத்தில் ஆள் இருப்பாரா? சரியான எஸ்டேட்காரர் கோபப்படாமல் பதில் சொல்வார். மழுப்புகிற இடத்துக்குப் போகாதீர்கள். பழம், கருவாடு, உப்பு எதையும் டென்ட்டுக்குள் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். காரில் பூட்டி வையுங்கள்.

எந்த மாதம் போகிறீர்கள் என்றும் கேட்கிறோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மலைச்சரிவில் போடுவதற்கு டென்ட் கொடுப்பதில்லை. 2018 ஆகஸ்டில் குடகும், 2024 ஜூலையில் வயநாடும் மண்சரிவில் பட்ட பாடு நம் எல்லோருக்கும் தெரியும். மார்ச், ஏப்ரலில் பிரச்சினை நெருப்பு. தேனி குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்தார்கள். காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். கீழே எரிகிற சூட்டில் மேலே இருக்கும் புல் இன்னும் காய்ந்து, தொட்டவுடன் பற்றிக்கொள்ளும். மனிதர் ஓடி ஜெயிக்க முடியாது. நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை நல்ல காலம் என்பது எங்கள் கருத்து.

அந்த நல்ல காலத்திலும் உண்ணி இருக்கும். குரங்குக் காய்ச்சல் என்கிற நோய் 1957-இல் சிவமொக்கா மாவட்டத்தின் கியாசனூர் காட்டில் கண்டுபிடிக்கப்பட்டது. அதைப் பரப்புவது உண்ணி. மலைநாட்டில் டிசம்பருக்குப் பிறகுதான் இந்தக் காய்ச்சல் அதிகம். முழுக்கால் பேன்ட் போடுங்கள், சருகின் மேல் வெறுமனே உட்கார வேண்டாம், செத்த குரங்கைப் பார்த்தால் விலகிப்போய் ஊர்க்காரர்களிடம் சொல்லுங்கள். திரும்பி வந்து ஒரு வாரம், பத்து நாளில் காய்ச்சல் வந்தால், காட்டுக்குப் போய் வந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அட்டைப்பூச்சிக்கு நாங்கள் தரும் நீளக் காலுறை போதும்.

இனி டென்ட். எங்களிடம் இருப்பவை இரட்டைத் துணி டென்ட்டுகள். உள்ளே வலை, வெளியே மழைத்துணி. இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் கயிற்றை இழுத்துக் கட்டினால்தான் உள்ளே சொட்டாது. காலையில் உள்பக்கம் ஈரமாக இருந்தால் ஒழுகுகிறது என்று நினைக்காதீர்கள், அது நம் மூச்சுக்காற்று குளிர்ந்து படிந்த ஈரம். மேலே இருக்கும் காற்றுத் துவாரத்தை மூடாமல் விட்டால் குறைந்துவிடும். அடியில் விரிக்கும் தார்ப்பாயை டென்ட்டின் ஓரத்துக்கு வெளியே நீட்டிவிடாதீர்கள். மழைநீர் அதில் விழுந்து நேராக அடியில் ஓடி வரும். காய்ந்த கிளைகள் தொங்கும் மரத்தின் கீழும், வறண்டு கிடக்கும் ஓடையிலும் போடவே கூடாது.

ஜிப்பை எப்போதும் மூடியே வைத்திருங்கள். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் தூங்குபவர்களைக் கடித்தால் சில சமயம் வலியே தெரியாது. கடித்துவிட்டால் கீறுவது, கட்டுவது எதுவும் வேண்டாம். காலையோ கையையோ அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். தங்குமிடத்துக்குப் பக்கத்தில் விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு ஆஸ்பத்திரி எது என்று கிளம்புவதற்கு முன்பே கேட்டு, தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மலையில் போன் சிக்னலை நம்ப முடியாது.

குளிரையும் குறைத்து எடைபோடுகிறார்கள். பெங்களூரு சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சிக்கமகளூரு பக்கத்து முள்ளையனகிரிச் சிகரம் 1,900 மீட்டருக்கு மேல். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறு டிகிரி குறையும். காற்றடித்தால் உடம்புக்கு இன்னும் குளிரும். ஸ்லீப்பிங் பேக்கின் (உள்ளே நுழைந்து தூங்கும் பை) மேல் இரண்டு டிகிரி எண் போட்டிருந்தால் பெரிய எண்ணைப் பாருங்கள், சௌகரியமாகத் தூங்கலாம் என்பது அந்த அளவு குளிர் வரைக்கும்தான். அடியில் மேட் இல்லாமல் எவ்வளவு நல்ல பேக் இருந்தாலும் தரை சூட்டை உறிஞ்சிவிடும். அதனால் பேக் எடுப்பவர்களுக்கு மேட்டும் சேர்த்தே தருகிறோம், தனி வாடகை கிடையாது.

குளிருக்காகக் கரி அடுப்பையோ கேஸ் ஸ்டவ்வையோ டென்ட்டுக்குள் கொண்டுபோகவே போகாதீர்கள், அணைத்தாயிற்று என்று நினைக்கும் கரியையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குபவர் எழுந்திருக்கவே மாட்டார்.

அப்புறம், வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து கிளம்பும் பழக்கம். பந்திப்பூர் காட்டு வழியாகப் போகும் சாலை இரவு 9 மணிக்கு மூடி காலை 6 மணிக்குத்தான் திறக்கும். ஊட்டிப் பக்கம் போகிறவர்கள் இ-பாஸும் எடுக்க வேண்டும். இருட்டில் போய் இறங்கினால் சரிவு, ஓடை, எறும்புப் புற்று எதுவும் கண்ணுக்குப் படாது. சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பி, வெளிச்சம் இருக்கும்போதே டென்ட்டைப் போட்டுவிடுங்கள்.

வாடகை விதிகளில் மூன்று மாற்றங்கள். அனுமதி கிடைக்காமல் போனாலோ, மழை எச்சரிக்கை வந்து பயணத்தைத் தள்ளிவைத்தாலோ அட்வான்ஸை முழுதாகத் திருப்பித் தருவோம். டென்ட்டோடு ஒரு குப்பைச் சாக்கு வரும், அதில் உங்கள் குப்பையையும் காலி கேஸ் டப்பாக்களையும் கடைக்கே கொண்டுவாருங்கள், நாங்கள் பிரித்து அனுப்பிக்கொள்கிறோம். டென்ட் ஈரமாக இருந்தால் அப்படியே கொடுங்கள், அபராதம் இல்லை. ஈரத்தோடு மடித்து வீட்டில் வைத்தால் பூஞ்சை பிடித்து மழைத்துணி வீணாகும்.

இதுவரை டென்ட் போட்டுப் பழகாதவர்கள் ஏதாவது ஒரு வார நாள் மாலையில் வாருங்கள். கடை மொட்டைமாடியில் போட்டுக் காட்டி, உங்களையும் போட வைப்போம். கூட வருகிறவர்களையும், குறிப்பாகப் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். டிசம்பர் கடைசி வாரத்துக்கு வேண்டுமென்றால் தங்குமிடப் பதிவுச் சீட்டோடு நவம்பருக்குள் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
கடைக் குடும்பத்தினர்
அல்சூர், பெங்களூரு