'இருக்கலாம்' படுத்தும் பாடு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் வரும் ஆங்கிலப் பயிற்சியில் 'மே ஹேவ்', 'குட் ஹேவ்', 'ஷுட் ஹேவ்', 'மஸ்ட் ஹேவ்' ஆகியவற்றுக்கு நேரே ஆளுக்கொரு தமிழ்ச் சொல் போட்டு அட்டவணை தருகிறீர்கள். மனப்பாடம் செய்ய வசதிதான். ஆனால் நடந்து முடிந்ததை நினைத்து வருந்திப் பேசும்போது மாணவர்கள் வழுக்கி விழுவது அந்த அட்டவணையில்தான்.

'அவர் ஊருக்குப் போயிருக்கலாம்' என்பது ஊகம். 'எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்' என்பது மனக்குறை. 'அந்த வேலையில் அன்றே சேர்ந்திருக்கலாம்' என்பது வருத்தம். தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே 'இருக்கலாம்'. பேசுகிறவரின் குரலே பொருளைப் பிரித்துக் காட்டிவிடும். ஆங்கிலத்தில் முதலாவது 'ஹி மே ஹேவ் கான்', இரண்டாவது 'யூ குட் ஹேவ் டோல்ட் மீ', மூன்றாவது 'ஐ ஷுட் ஹேவ் ஜாயின்ட்'. அட்டவணையை நம்பி நேர்காணலில் 'ஐ மே ஹேவ் ஜாயின்ட் தட் கம்பெனி' என்று ஒருவர் சொன்னால், சேர்ந்தோமா இல்லையா என்பதே இவருக்கு நினைவில்லையோ என்றுதான் எதிரில் இருப்பவர் நினைப்பார்.

'இருக்க வேண்டும்' இதைவிட ஆபத்து. 'ராத்திரி மழை பெய்திருக்க வேண்டும்' என்றால் ஈரத்தரையைப் பார்த்துச் சொல்லும் முடிவு. அதற்கு 'மஸ்ட் ஹேவ்'. 'நேற்றே பணம் கட்டியிருக்க வேண்டும்' என்றால் கட்டவில்லை. அதற்கு 'ஷுட் ஹேவ்'. இங்கே 'ஐ மஸ்ட் ஹேவ் பெய்ட் எஸ்டர்டே' என்று எழுதினால் 'நேற்று கட்டியிருப்பேன், நிச்சயம்' என்று பொருள் தலைகீழாகிவிடும். 'எனக்குச் சொல்லியிருக்கலாமே' என்று நினைத்து நம் பக்கம் அடிக்கடி சொல்லும் 'யூ வுட் ஹேவ் டோல்ட் மீ' இன்னொரு வகைப் பிழை. ஆங்கிலம் பழகிய காதுக்கு அது பாதி வாக்கியம். 'இஃப்' எப்போது வரும் என்று காத்திருக்கும்.

அந்த 'இஃப்' வந்ததும் அடுத்த பிழை: 'இஃப் ஐ வுட் ஹேவ் நோன், ஐ வுட் ஹேவ் கம்'. இதற்கு மட்டும் தமிழே நல்ல வழி காட்டுகிறது. 'தெரிந்திருந்தால் வந்திருப்பேன்' என்பதில் 'இருந்தால்' உள்ள பக்கம் 'ஹேட்', 'இருப்பேன்' உள்ள பக்கம் 'வுட் ஹேவ்'. ஆகவே 'இஃப் ஐ ஹேட் நோன், ஐ வுட் ஹேவ் கம்'. 'ஹேவ்' வந்துவிட்டால் வினையின் மூன்றாம் வடிவம்தான் வர வேண்டும். 'ஷுட் ஹேவ் வென்ட்' தவறு, 'கான்' என்பதே சரி. 'விஷ்' போட்டால் காலம் ஒரு படி பின்னே போகும். இப்போது தெரியாததற்கு 'ஐ விஷ் ஐ நியூ', அன்று தெரியாமல் போனதற்கு 'ஐ விஷ் ஐ ஹேட் நோன்'.

விருப்பத்துக்கு வருவோம். 'ஐ ப்ரிஃபர் டீ தேன் காஃபி' என்ற பிழைக்குக் காரணம் நம் 'காபியைவிட'. 'ப்ரிஃபர்' இலத்தீனிலிருந்து வந்தது. முன்னால் வைப்பது என்பது அதன் மூலப்பொருள். காபிக்கு முன்னால் டீயை வைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டால் அந்தக் 'கு' உருபே 'டு'வை நினைவூட்டும்: 'டீ டு காஃபி', 'வாக்கிங் டு சைக்கிளிங்'. 'மோர் ப்ரிஃபர்' என்று எழுதவே வேண்டாம்.

'ராதர்' நேர் எதிர். பழைய ஆங்கிலத்தில் 'விரைவாக' என்று பொருள்பட்ட ஒரு சொல்லின் ஒப்பீட்டு வடிவம் அது. 'இன்னும் விரைவாக' என்பது பொருள். ஒப்பீடு என்பதால் 'தேன்' கேட்கும், இரு பக்கமும் 'டு' இல்லாத வினை வரும்: 'ஐ வுட் ராதர் வாக் தேன் வெயிட் ஃபார் த பஸ்'. இரண்டாவது ஆள் உள்ளே வந்தால் வினை இறந்தகாலத்துக்கு மாறும்: 'ஐ வுட் ராதர் யூ கேம் டுமாரோ'. நாளைக்கு வரச் சொல்ல 'கேம்' எதற்கு என்று மாணவர் கேட்பார். அது காலம் காட்டவில்லை. நேராகக் கட்டளையிடாமல் சற்றுத் தள்ளி நின்று சொல்லும் பணிவு. 'வுட் ராதர்' அமைப்பில் வருத்தமும் பொருந்தும்: 'ஐ வுட் ராதர் ஹேவ் ஸ்டேட் அட் ஹோம்' என்றால் வீட்டிலேயே இருந்திருக்கலாம், போனது பிடிக்கவில்லை.

அலுவலகக் கடிதம் எழுதுவோருக்கு ஒன்று. 'ஐ ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ' என்றால் கெட்ட செய்தி இனிமேல்தான் வருகிறது. 'ஐ ரிக்ரெட் இன்ஃபார்மிங் யூ' என்றால் உன்னிடம் போய்ச் சொன்னேனே என்று நொந்துகொள்வது. எஸ்.எஸ்.சி. (மத்தியப் பணியாளர் தேர்வாணையம்), வங்கித் தேர்வுகளின் பிழை கண்டறியும் பகுதிக்குத் தயாராகிறவர்கள் இவற்றையெல்லாம் பார்த்துவைக்க வேண்டும்.

எனவே ஒரு வேண்டுகோள். அந்த அட்டவணையை எடுத்துவிட்டு, வாரம் பத்து 'இருக்கலாம்', 'இருக்க வேண்டும்' வாக்கியங்களை, யார் யாரிடம் எப்போது சொன்னது என்ற ஒரு வரிக் குறிப்போடு வெளியிடுங்கள். ஊகமா, குறையா, வருத்தமா என்று மாணவர் முதலில் தமிழில் எழுதட்டும். ஆங்கில விடை அடுத்த நாள் இதழில் வரட்டும்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர்,
கும்பகோணம்.