பருவ இறுதியில் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் எழுதும் கடிதம்

கிறிஸ்துவுக்குள் அன்பான பெற்றோருக்கு வாழ்த்துகள்.

கர்த்தருடைய கிருபையால் இரண்டாம் பருவம் நல்லபடியாக நிறைவடைந்திருக்கிறது. தேர்வுகள் குறித்த நாட்களில் நடந்து முடிந்தன. விளையாட்டு விழாவிலும் பேச்சுப் போட்டிகளிலும் பிள்ளைகள் உற்சாகமாகப் பங்கேற்றார்கள். பாடகர் குழுவினர் ஆராதனையில் சிறப்பாகப் பாடினார்கள். துணைநின்ற அனைவருக்கும் நன்றி.

இக்கடிதத்தில் நான் முக்கியமாகப் பேச விரும்புவது வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையைப் பற்றி. அந்த நாற்பது நிமிடங்களில், ஒரு பாடத்தில் தேர்ந்த பிள்ளைகள் அதில் தடுமாறும் பிள்ளைகளுடன் அமர்ந்து உதவுவது நம் பள்ளியின் வழக்கம். இதிலிருந்து தங்கள் பிள்ளைக்கு விலக்கு கேட்டு இந்தப் பருவத்தில் பல கடிதங்கள் வந்தன. அவற்றுள் ஒன்றில், "என் மகள் கற்றுக்கொள்ளத்தான் பள்ளிக்கு வருகிறாள், கற்றுக்கொடுக்க அல்ல" என்று எழுதப்பட்டிருந்தது. அந்த வரி பல நாட்கள் என் மனதை விட்டு அகலவில்லை.

உங்கள் கவலை நியாயமானது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பக்கத்திலும் தவறு நேர்ந்திருக்கிறது. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்பதற்காகச் சில பிள்ளைகளை மதிப்பெண் பட்டியல் எழுத உட்காரவைத்தோம். கேட்டவுடன் சரி என்று சொல்லும் பிள்ளைகளையே திரும்பத் திரும்ப அழைத்தோம். இவ்விரண்டையும் நிறுத்திவிட்டோம். தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரங்களில் இந்தப் பாடவேளை இனி இருக்காது.

ஆனால் உதவுவதால் பிள்ளைக்கு இழப்பு என்ற எண்ணத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. சென்ற மாதம் ஒரு வகுப்பறையின் ஜன்னலோரம் சற்று நேரம் நின்று பார்த்தேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ஒரு தாளை இரண்டாகவும் பின் நான்காகவும் மடித்துக்காட்டி, ஆறாம் வகுப்புச் சிறுவனுக்குப் பின்னக் கூட்டலைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். "மேலே உள்ள எண்களைக் கூட்டுகிறோமே அக்கா, கீழே உள்ளவற்றை ஏன் கூட்டுவதில்லை?" என்று அவன் கேட்டான். அவள் வாயைத் திறந்தாள், பதில் வரவில்லை. விதி தெரிந்திருந்தது, காரணம் தெரிந்திருக்கவில்லை. திங்கட்கிழமை காலை மணியடிக்கும் முன்பே அதே கேள்வியோடு கணித ஆசிரியரைத் தேடி வந்து நின்றாள். அந்தச் சிறுவன் கேட்டிராவிட்டால் அவளுக்கு அந்தக் கேள்வி எழுந்தே இருக்காது.

1 பேதுரு 4:10 நம்மை "நல்ல உக்கிராணக்காரர்" என்று அழைக்கிறது. உக்கிராணம் என்பது பண்டகசாலை. அதன் சாவி உக்கிராணக்காரரின் கையில் இருந்தாலும், உள்ளே இருக்கும் சரக்கு எஜமானுடையது. வேண்டியவர்களுக்கு எடுத்துக்கொடுப்பதற்காகவே அவர் அங்கே வைக்கப்பட்டிருக்கிறார். இஸ்ரவேலர் வனாந்தரத்தில் தேவனை வழிபட அமைத்த ஆசரிப்புக் கூடாரத்தின் வேலைக்காகப் பெசலெயேல் என்ற கைவினைஞரைத் தேவன் பெயர் சொல்லி அழைத்து, பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் வேலைசெய்யும் ஞானத்தைத் தந்ததோடு நின்றுவிடாமல், போதிக்கும் வரத்தையும் அருளினார் என்று யாத்திராகமம் 35-ஆம் அதிகாரம் சொல்கிறது. ஏழைகளுக்கு உதவிவந்த யோப்பா பட்டணத்துத் தொற்காள் இறந்தபோது, விதவைகள் அழுதுகொண்டே பேதுருவிடம் எடுத்துக்காட்டியது அவள் தங்களுக்குத் தைத்துக்கொடுத்த அங்கிகளைத்தான்.

பயணம் புறப்பட்ட எஜமான் ஒருவன் தன் ஊழியக்காரர் மூவரிடம் ஐந்து, இரண்டு, ஒன்று எனத் தாலந்துப் பணத்தை ஒப்படைத்துச் சென்ற உவமையைப் பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். ஒரு தாலந்து என்பது, ஒரு கூலியாள் ஏறத்தாழ 20 ஆண்டுகள் உழைத்துப் பெறும் கூலிக்கு ஈடான தொகை. ஆகவே ஒன்றே ஒன்று பெற்றவனும் குறைவாகப் பெற்றவன் அல்லன். அவன் அதைத் திருடவும் இல்லை, வீணாக்கவும் இல்லை. பயந்துபோய்ப் பத்திரமாகப் புதைத்துவைத்தான். தேர்வுப் பயத்தில் நாமும் நம் பிள்ளைகளுக்கு அதையே பழக்கிவிடுகிறோமோ என்று அஞ்சுகிறேன்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். உடல்நலமின்றி ஒரு வாரம் வராதிருந்த வகுப்புத் தோழிக்கு நோட்டுப் புத்தகத்தைக் கொடுக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லியனுப்பப்பட்ட ஒரு பிள்ளை, அதைப் பையின் அடியில் மறைத்துவைத்துவிட்டு, கேட்டவளிடம் "வீட்டில் இருக்கிறது" என்று பொய் சொல்லியிருக்கிறாள். என்னிடம் அதைச் சொன்னபோது அவளுக்கு அழுகையை அடக்க முடியவில்லை. இப்படிப்பட்ட அறிவுரையை இப்பள்ளி ஒருபோதும் ஏற்காது. முதல் மதிப்பெண்ணுக்காக ஒரு பிள்ளையைப் பொய் சொல்ல வைப்பதற்கு எந்தக் காரணமும் போதாது.

இதைப் படித்து யார் மனமாவது வருந்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பெரும்பாலோர் கேளாமலே கொடுப்பவர்கள் என்பதை நான் நன்கு அறிவேன். விழா உடைகளை இரவு விழித்துத் தைத்துக்கொடுத்த தாய்மார்கள், பழுதான மின்விசிறிகளை விடுமுறை நாளில் வந்து சரிசெய்த தந்தை, சனிக்கிழமைதோறும் நூலகப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுத்தரும் தாத்தா ஆகிய அனைவருக்கும் பள்ளி கடமைப்பட்டிருக்கிறது.

பருவ விடுமுறைக்குப் பின் முதல் வெள்ளிக்கிழமையே இந்தப் பாடவேளை மீண்டும் தொடங்கும். உங்கள் பிள்ளை எந்தப் பாடத்தில் அல்லது கலையில் உதவ விரும்புகிறார் என்பதை அவரிடமே கேட்டு, நாட்குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிட்டு அனுப்புங்கள். விலக்கு வேண்டுவோர் கடிதம் அனுப்புவதற்கு முன் ஒருமுறை என்னை நேரில் சந்தியுங்கள். மாலை நான்கு மணிக்குமேல் அலுவலகத்தில் இருப்பேன். உங்கள் ஒத்துழைப்புக்கும் ஜெபங்களுக்கும் மனமார்ந்த நன்றி.

கிறிஸ்துவின் பணியில்,
தலைமையாசிரியர்